எலும்பை மீண்டும் ஆக்கும் மருத்துவம்: நம்பிக்கையும் முன்னுரிமையும்

ஒரு நாட்டின் வளர்ச்சியை அளக்கும் அளவுகோல்களுள் மக்களின் சராசரி ஆயுட்காலம் முதன்மையான ஒன்றாகும். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்த இந்தியரின் சராசரி ஆயுள் இன்று 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயது நிறைந்தோர் சுமார் 10.4 கோடிப் பேர். 2050ஆம் ஆண்டளவில் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர் இவ்வயதினராக இருப்பர் என்று ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கணித்துள்ளது. ஆயுள் நீண்டது பெரும் சாதனை. எனினும், நீண்ட ஆயுள் நடமாட்டத்துடன் கூடியதாக அமைகிறதா என்பதும் திட்டமிடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும். இவ்வினாவுக்குரிய விடையில் எலும்புப்புரை நோய்க்குப் பெரும் பங்கு உண்டு.

இந்நோய் ஓசையின்றி வளர்வது. காய்ச்சலோ வலியோ காட்டுவதில்லை. குளியலறையில் கால் வழுக்கிய ஒரு மூதாட்டியின் தொடை எலும்பு இடுப்பருகே முறியும்போதுதான் குடும்பத்தார் நோயை அறிகின்றனர். பல நாடுகளின் புள்ளிவிவரங்களை நோக்கின், இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டிற்குள் உயிரிழக்கின்றனர். உயிர் பிழைத்தோரிலும் பலர் பழைய நடமாட்டத்தைத் திரும்பப் பெறுவதில்லை. அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மகளின் மீதோ மருமகளின் மீதோ விழுகிறது. அவர்கள் விட்டுவிடும் கூலியும் வேலையும் எந்த மருத்துவமனைக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அது நாட்டின் உண்மையான இழப்பே.

இந்நிலையில், தேய்ந்த எலும்பை மீண்டும் உருவாக்கலாம் என்னும் செய்தி ஆய்வுக்கூடங்களிலிருந்து வருகிறது. மீளுருவாக்க மருத்துவம் எனப்படும் இத்துறையில் உறுதியாகியுள்ளது எது, முயற்சி நிலையில் உள்ளது எது, இடைக்காலத்தில் அரசும் சமூகமும் ஆற்ற வேண்டியது எது என்ற மூன்றையும் பிரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

எலும்பின் வரவு செலவு

எலும்பு உயிரற்ற தூண் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது இடையறாது இடித்துக் கட்டப்படும் கட்டடத்தை ஒத்தது. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் ஒருபுறமும், அவ்விடத்தில் புதிய எலும்பை ஆக்கும் உயிரணுக்கள் மறுபுறமும் பணியாற்றுகின்றன. எலும்பினுள் புதைந்து கிடக்கும் மூன்றாவது வகை உயிரணுக்கள், எங்கே சுமை மிகுகிறது, எங்கே பழுது நேர்ந்துள்ளது என்று உணர்ந்து இரு தரப்பிற்கும் குறிப்பு அனுப்புகின்றன. முதிர்ந்த மனிதனின் எலும்புக் கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

இளமையில் வரவு செலவை மிஞ்சுகிறது. முப்பது வயதை ஒட்டி இருப்பு உச்சத்தை அடைகிறது. பின்னர் செலவு மெல்ல மேலோங்குகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் கரைப்பு விரைவடைகிறது. மற்றொரு மாற்றமும் நிகழ்கிறது. எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்கள் எலும்பாக்க உயிரணுக்களாகவும் ஆகக்கூடும். கொழுப்பு உயிரணுக்களாகவும் ஆகக்கூடும். முதுமையில் அவை கொழுப்பின் பக்கம் சாய்கின்றன. ஆகவே பற்றாக்குறைக்குக் காரணம் செலவு மிகுந்தது மட்டுமன்று. வரவின் ஊற்றே வற்றத் தொடங்குகிறது. மீளுருவாக்க மருத்துவம் இந்த ஊற்றைக் குறிவைக்கிறது.

எலும்பு அடர்த்தி, இளம்பருவத்தினரின் சராசரியிலிருந்து 2.5 திட்டவிலக்கமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அது எலும்புப்புரை நோய் என 1994ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு வரையறுத்தது. இன்றளவும் இதுவே அடிப்படை அளவுகோலாகும்.

கரைப்பைத் தடுப்பதும் ஆக்கத்தைத் தூண்டுவதும்

தொடக்கத்தில் வந்த முக்கிய மருந்துகள் கரைப்பைத் தடுப்பவை. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு ஒப்புதல் பெற்ற அலெண்ட்ரோனேட் இவ்வகையைச் சேர்ந்தது. ஆண்டிற்கு ஒருமுறை நரம்பு வழியே செலுத்தப்படும் ஸோலெட்ரோனிக் அமிலமும் இவ்வகையினதே. மாதவிடாய் நின்ற 7,700க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மூன்றாண்டுகளில் முதுகெலும்பு முறிவு 70 விழுக்காடும் இடுப்பெலும்பு முறிவு 41 விழுக்காடும் இம்மருந்தினால் குறைந்தன.

2010ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற டெனோசுமாப் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஊசியாகத் தரப்படுவது. இதனை இடையில் நிறுத்தினால் கரைப்பு முன்னிலும் வேகமாகத் திரும்பி, ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் முறியக்கூடும் என்று கண்டறியப்பட்டுள்ளது. எனவே இம்மருந்தைப் பொது வழங்கலில் சேர்க்கும் எந்த நிர்வாகமும் தடையற்ற விநியோகத்தை முதலில் உறுதி செய்தல் வேண்டும். ஒப்பந்தப்புள்ளி தாமதமாவது இங்கே வெறும் அலுவலகக் குறைபாடாக நிற்பதில்லை. நோயாளியின் முதுகெலும்பைத் தாக்குகிறது.

ஆக்கத்தைத் தூண்டும் மருந்துகள் அடுத்த கட்டம். இணைத்தைராய்டு சுரப்பிநீரின் ஒரு பகுதியான டெரிபாரடைட் 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதற்கு அடிப்படையான 2001ஆம் ஆண்டு ஆய்வில் புதிய முதுகெலும்பு முறிவு 65 விழுக்காடு குறைந்தது. இன்று இந்திய நிறுவனங்களே இதனைத் தயாரிக்கின்றன. நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருப்பது இதன் இடையூறு.

மூன்றாவது மருந்தின் வரலாறு மாணவர்கள் கருதத்தக்கது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் சமூகத்தில், எலும்புகள் அளவுக்கு மீறித் தடிக்கும் அரிய பரம்பரை நோய் ஒன்று காணப்பட்டது. ஸ்கிளெரோஸ்டின் என்னும் புரதம் அவர்களிடம் இல்லாமையே அதற்குக் காரணம் என்பது 2001ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்ட மரபணுவால் விளங்கிற்று. எலும்பாக்கத்திற்குத் தடையாக இருப்பது அப்புரதமானால், அதனை முடக்கி எலும்பைப் பெருக்கலாம் அன்றோ? இவ்வெண்ணத்தில் பிறந்த ரோமோசோசுமாப், 7,180 பெண்கள் பங்கேற்ற 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஓராண்டில் புதிய முதுகெலும்பு முறிவை 73 விழுக்காடு குறைத்தது. 2019ஆம் ஆண்டு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அலெண்ட்ரோனேட்டுடன் ஒப்பிட்ட மற்றோர் ஆய்வில் இதய நோய் நிகழ்வுகள் சற்று மிகுந்திருந்தமையால், அது பற்றிய எச்சரிக்கையும் இணைக்கப்பட்டுள்ளது.

இவ்விரு மருந்துகளும் உடலில் ஏற்கெனவே உள்ள எலும்பாக்கத் திறனைத் தட்டி எழுப்புகின்றன. அத்திறனே குன்றிவிட்ட முதுமையில் என் செய்வது என்ற வினாவிலிருந்து அடுத்த கட்ட ஆராய்ச்சி தொடங்குகிறது.

குருத்தணு வழி

ஸ்டெம் செல் என்று பரவலாக வழங்கும் குருத்தணுவைப் புறத்திலிருந்து செலுத்தி எலும்பை வளர்க்கலாம் என்பது முதல் வழி. எலும்பு மஜ்ஜையிலுள்ள சில உயிரணுக்களுக்கு எலும்பை உண்டாக்கும் ஆற்றல் உண்டு என்பதைச் சோவியத் அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் 1960களிலும் 1970களிலும் காட்டினார். அமெரிக்க அறிவியலாளர் ஆர்னால்ட் கேப்லன் 1991ஆம் ஆண்டு இவற்றுக்கு இடைப்படலக் குருத்தணு எனப் பெயர் சூட்டினார். அவரே 2017ஆம் ஆண்டு அப்பெயரைக் கைவிட வேண்டும் என்று எழுதினார். உடலில் செலுத்தப்படும் இவ்வுயிரணுக்கள் தாமே புதிய திசுவாக மாறுவதைவிட, மருந்துபோல் செயற்படும் பொருள்களைச் சுரந்து சுற்றுப்புற உயிரணுக்களைத் தூண்டுகின்றன என்பது அவர் வாதம். பெயர் சூட்டியவரே திருத்த முன்வந்தது, இத்துறையில் அடிப்படைக் கருத்துகளே இன்னும் உருப்பெற்று வருகின்றன என்பதைக் காட்டுகிறது.

நடைமுறைத் தடைகளும் உள்ளன. நரம்பு வழியே செலுத்தப்படும் இவ்வுயிரணுக்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. எலும்பைச் சென்றடைவது சிறு பங்கே. உயிரணுக்களின் மேற்பரப்பில் ஒருவகைச் சர்க்கரை மூலக்கூற்றைச் சேர்த்து, அவை மஜ்ஜையை நாடிச் செல்லுமாறு செய்யலாம் என 2008ஆம் ஆண்டு விலங்கு ஆய்வொன்றில் காட்டப்பட்டது. இம்முறையை எலும்புப்புரை நோயாளிகளிடம் சோதிக்கும் முயற்சி ஸ்பெயினில் மிகச் சிறிய அளவில் மேற்கொள்ளப்பட்டது. எலும்பு முறிவைக் குறைக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கும் ஆய்வு வேண்டும். குருத்தணுச் சிகிச்சைக்கு அத்தகைய ஆய்வு இதுவரை நடைபெறவில்லை.

பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோயுடைய குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை அளித்த அனுபவம் 1999ஆம் ஆண்டு வெளியாயிற்று. தொடக்கத்தில் எலும்பின் கனிம அளவு கூடியது, முறிவுகள் குறைந்தன. ஆனால் வழங்கியவரின் உயிரணுக்கள் எலும்பில் மிகச் சிறு விழுக்காடே இடம்பெற்றன. காலப்போக்கில் பலனின் வேகமும் தணிந்தது. நம்பிக்கைக்கு இடமுண்டு, அவசரத்திற்கு இடமில்லை என்பதே இதன் படிப்பினை.

2018ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றை உருவாக்கி, கொழுப்பாக மாறாத மனித எலும்புக்கூட்டுக் குருத்தணுவை இனங்கண்டனர். 2021ஆம் ஆண்டு வெளியான எலி ஆய்வில், முதிய எலிகளின் முறிந்த எலும்பில் இரு பொருள்களைச் சேர்த்துச் செலுத்தியபோது முறிவு கூடும் திறன் இளமையின் நிலைக்கு அருகில் வந்தது. புறத்திலிருந்து உயிரணுவைப் புகுத்தாமல், உள்ளிருக்கும் குருத்தணுவை எழுப்பும் இவ்வழி எதிர்காலத்தில் ஏற்றம் பெறக்கூடும்.

சாரமும் தூண்டுபொருளும்

கட்டடம் எழுப்பச் சாரம் தேவைப்படுவதுபோல், எலும்பு வளரவும் ஒரு தாங்குபொருள் உதவுகிறது. கனிமம் நீக்கப்பட்ட எலும்புத் தூள், தசையினுள் வைக்கப்பட்ட இடத்தில்கூடப் புதிய எலும்பை உண்டாக்குகிறது என 1965ஆம் ஆண்டு மார்ஷல் யூரிஸ்ட் கண்டறிந்தார். அதன் தொடர்ச்சியாகப் பிரித்தெடுக்கப்பட்ட எலும்பாக்கப் புரதம் 2002ஆம் ஆண்டு முதுகெலும்பு இணைப்பு அறுவைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒப்புதல் பெறாத கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது உயிருக்கு ஆபத்தான வீக்கம் நேர்ந்ததால், 2008ஆம் ஆண்டு அரசு எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. வளர்ச்சியைத் தூண்டும் ஆற்றல், இடம் மாறினால் தீங்காகும்.

எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் பீங்கான் வகைப் பொருள் எலும்புக் குறையை நிரப்ப உலகெங்கும் பயன்படுகிறது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திற்கு இவ்வகைப் பொருள்களை உருவாக்கிய அனுபவம் உண்டு. ஆயினும் ஓர் எல்லையை நினைவில் கொள்ளவேண்டும். தாங்குபொருள் ஓரிடத்துக் குறையை நிரப்பவல்லது. எலும்புப்புரையோ உடல் முழுவதும் பரவிய நோய். ஆதலால், எலும்பு முறிந்த இடத்தைக் கூட்டுவிக்க இது துணைபுரியுமேயன்றி நோயைத் தீர்க்காது.

முதுமையடைந்த உயிரணுக்கள்

பிரிந்து பெருகும் ஆற்றலை இழந்தும் மடியாமல் தங்கி, அழற்சிப் பொருள்களைச் சுரக்கும் உயிரணுக்கள் முதுமையில் மிகுகின்றன. இவற்றை நீக்கினால் முதிய எலிகளின் எலும்பிழப்பு குறைகிறது என 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் அறிவித்தபோது உலகெங்கும் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. அதே நிலையத்தார் மாதவிடாய் நின்ற 60 பெண்களிடம் இருபது வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2024ஆம் ஆண்டு வெளியாயிற்று. எலும்புக் கரைப்பைக் காட்டும் அளவீடு குறையவில்லை. எலும்பாக்க அளவீடு தொடக்க வாரங்களில் சற்று உயர்ந்து, இறுதியில் வேறுபாடின்றிப் போயிற்று.

எலியில் கண்ட பலன் மனிதரிடம் வருமா என்பதைச் சோதனை ஒன்றே கூறும். எதிர்பார்த்தது கிட்டவில்லை என்பதை ஆய்வாளர்களே வெளியிட்டமை அறிவியலின் நேர்மைக்குச் சான்று. பொதுப் பணத்தில் நடைபெறும் ஆய்வுகளின் பாதக முடிவுகளும் வெளிவருதல் வேண்டும். ஒருவர் கண்ட தோல்வியைப் பிறர் பணம் செலவிட்டு மீண்டும் காண்பதை அது தடுக்கும்.

சந்தையும் நோயாளியும்

பொருளியல் நோக்கில், மருத்துவம் என்பது வாங்குவோன் தரத்தை அறிய இயலாத பண்டம். வாங்கிய பின்னரும் அறிவது கடினம். வலி தணிந்தால் சிகிச்சையால் என்று எண்ணுவர். தணியாவிடின் விதி என்று அமைவர். இத்தகைய சந்தையில், ஆய்வுக்கூடத்தின் சொற்களைக் கடன் வாங்கி மெய்ப்பிக்கப்படாத சிகிச்சையை விற்பது எளிது. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் முதியோரை அழைத்துச் செல்லும் குடும்பம் இழப்பது பணம் மட்டுமன்று. பலன் உறுதியான மருந்தைத் தொடங்க வேண்டிய காலத்தையும் இழக்கிறது.

இது குறித்து இந்தியாவில் விதிகள் தெளிவாகவே உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, இரத்த நோய் முதலியவற்றுக்கான இரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை ஒன்றே ஏற்கப்பட்டது. ஏனைய பயன்பாடுகள் யாவும் ஒப்புதல் பெற்ற ஆய்வாகவே நடைபெற வேண்டும். பங்கேற்போரிடம் கட்டணம் பெறலாகாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் குருத்தணு வழிப் பொருள்களைப் புதிய மருந்தாகவே கருதுகின்றன. சோதனையால் தீங்கு நேரின் இழப்பீடும் உண்டு.

ஆகவே மாவட்ட நிலை அலுவலர் எவரும், கல்லூரி மாணவர் எவரும் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இச்சிகிச்சை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா? நோயாளியிடம் பணம் கேட்கப்படுகிறதா? முதல் இரண்டிற்கு விடை இல்லை என்றும், மூன்றாவதற்கு ஆம் என்றும் வருமாயின் விலகி நிற்பதே தக்கது.

விதியைத் தளர்த்தி வேகம் காணலாம் என்பாரும் உளர். ஜப்பான் 2014ஆம் ஆண்டு முதல், முழுச் சான்று கிட்டுமுன்னரே மீளுருவாக்கச் சிகிச்சைகளுக்கு நிபந்தனையுடன் காலவரையறை கொண்ட ஒப்புதல் அளித்து வருகிறது. அவ்வாறு 2015ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற இதய நோய்க்கான உயிரணுத் தாள், பலன் மெய்ப்பிக்கப்படாமையால் 2024ஆம் ஆண்டு முழு ஒப்புதலைப் பெறத் தவறியது. மறுபுறம், முறையான சோதனை வழியே சென்று வெற்றி கண்ட முயற்சி இந்தியாவிலேயே உள்ளது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மையமும் கூட்டாக வளர்த்த இரத்தப் புற்றுநோய்க்கான உயிரணுச் சிகிச்சை 2023ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது. அதன் விலை வெளிநாட்டு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கே. எலும்பிற்கும் இத்தகைய நாள் வரலாம். ஆனால் சோதனையைத் தாண்டிக் குதித்து அந்நாளை அடைய இயலாது.

முன்னுரிமை எது?

புதிய வழிகள் முதிர்ச்சியடையச் சில ஆண்டுகளோ பல ஆண்டுகளோ ஆகலாம். இன்று முறியும் எலும்பு அதுவரை காத்திராது. உள்ள மருந்துகளே உரியவர்களைச் சென்றடையாமல் இருப்பதுதான் உடனடிக் குறை. மணிக்கட்டு முறிந்து வரும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிடுகின்றனர். அம்முறிவு அடுத்து வரவிருக்கும் இடுப்பு முறிவின் முன்னறிவிப்பு என்பதை எவரும் சொல்வதில்லை.

இடுப்பெலும்பு அறுவை முடிந்த 2,127 பேரிடம் நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இங்கே முக்கியமானது. ஆண்டிற்கு ஒருமுறை ஸோலெட்ரோனிக் அமிலம் பெற்றோரிடம் புதிய முறிவுகள் 35 விழுக்காடும் இறப்பு 28 விழுக்காடும் குறைந்தன. அறுவைக்குப் பின் இரண்டு வாரம் கழித்து அளிப்பதே பயன் தருவதாகப் பின்னர் தெரிந்தது. சிறுநீரகச் செயற்பாட்டையும், கால்சியம், வைட்டமின் டி நிலையையும் சரிபார்த்தபின் மாவட்ட மருத்துவமனையிலேயே இதனை அளிக்க இயலும்.

2018ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் எழுபது வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வேறுபாடின்றி விரிவாக்கப்பட்டது. இது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான செலவை ஏற்கிறது. மேற்சொன்ன ஊசி அளிக்க வேண்டிய நாளோ அந்த எல்லைக்கு அருகிலோ, அதனைக் கடந்தோ அமைகிறது. முறிந்த எலும்பைப் பொருத்த அரசு பணம் தருகிறது. அடுத்த முறிவைத் தடுக்கும் ஊசி எவர் கணக்கிலும் சேராமல் விடுபட வாய்ப்புண்டு. இவ்விடைவெளியை அடைப்பது ஓர் ஆணையின் அளவிலான செயல்.

முறிவுடன் வரும் ஒவ்வொருவரையும் பதிவு செய்து, சோதித்து, மருந்து தொடங்கி, தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு 1999ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்கப்பெற்றுப் பல நாடுகளில் பரவியுள்ளது. இதற்குத் தேவை ஒரு பயிற்சி பெற்ற செவிலியரும் ஒரு பதிவேடும் ஆகும். அடர்த்தி அளக்கும் கருவி இல்லாத ஊரிலும், வயது, எடை, முன் முறிவு முதலிய விவரங்களைக் கொண்டு பத்தாண்டு முறிவு வாய்ப்பைக் கணிக்கும் முறை 2008ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ளது. 2010ஆம் ஆண்டு தொடங்கிய முதியோர் நலத் தேசியத் திட்டத்தின் மருத்துவமனைப் பிரிவுகள் இதற்குப் பொருத்தமான இடம்.

ஆய்வுக்கு நிதி ஒதுக்குவதும் வேண்டியதே. பெங்களூரிலுள்ள குருத்தணு அறிவியல் மற்றும் மீளுருவாக்க மருத்துவ நிறுவனம், அதன் பிரிவாக வேலூரில் இயங்கும் குருத்தணு ஆய்வு மையம் ஆகியவற்றைப் போன்ற அமைப்புகளில் இதற்குரிய அறிவாற்றல் உண்டு. முறிவுப் பதிவேடு சீராக இருப்பின், நாளை ஒரு புதிய சிகிச்சையை இந்திய நோயாளிகளிடம் சோதிக்க அதுவே அடித்தளமாகும். ஒரு மருத்துவமனைக்கு எத்தகைய முறிவுகள், எந்த வயதில், எத்தனை வருகின்றன என்று அறியாமல் எந்தச் சோதனையையும் திட்டமிட இயலாது. ஆதலின் செவிலியரின் பதிவேடும் அறிவியலாளரின் ஆய்வுக்கூடமும் ஒரே பணியின் இரு முனைகள். ஒரு மாவட்டத்தின் எலும்பு முறிவுப் பிரிவில் அப்பதிவேட்டைத் திறப்பதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டுத் தொழில்நுட்பமோ வேண்டியதில்லை. நடப்பு நிதியாண்டிலேயே அதனைத் தொடங்கலாம்.